வீட்டு மெயிலில் விழுந்த சில்லறை

நான் பி.காம். படித்தவள். என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி, பத்தாவதோடு நின்றவள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்த மூன்று மாதங்களில் நான் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த நினைப்புத்தான் இருந்தது.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் இரும்பு ஏணி. கீழே மாமியாரும் நாங்கள் மூன்று பேரும். மேலே கொழுந்தனும் அவளும். அடுப்பு ஒன்று, காஸ் புத்தகம் ஒன்று, கரண்ட் மீட்டர் ஒன்று. மெயிலும் ஒன்றுதான். வீட்டிலேயே முதலில் ஸ்மார்ட்போன் வாங்கியவர் கொழுந்தன். காஸ் பதிவதற்காக அவர் ஒரு மெயில் முகவரி உண்டாக்கினார். அப்புறம் கரண்ட் பில், மகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் ரத்தப் பரிசோதனை என்று எல்லாமே அந்த முகவரிக்கு வர ஆரம்பித்தது. எல்லாருடைய போனிலும் அது திறந்தே கிடக்கும். யாருக்கும் தனி மெயில் வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அந்த மெயிலில்தான் ஒரு நாள், கரண்ட் பில்லுக்கும் பள்ளி சுற்றறிக்கைக்கும் நடுவில், ‘உங்கள் மைக்ரோ வாலட் தயார்’ என்று ஆங்கிலத்தில் ஒன்று வந்து கிடந்தது. யாரோ எங்கள் பெயரில் கடன் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏணியடியில் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"அது நாந்தான் அக்கா," என்று மேலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "டென்ஷன் ஆகாதீங்க."

"என்னட்டி அது, பேங்கா?"

"பேங்க் இல்லக்கா. சின்ன வாலட். நெட்ல சில சைட்டு இருக்கு, பிட்காயின் மாதிரி காயினத் துளித்துளியா தரும். ஒவ்வொரு துளியையும் தனித்தனியா பெரிய வாலட்டுக்கு அனுப்பினா, அனுப்புற செலவே அதவிட ஜாஸ்தி. அதனால எல்லாம் முதல்ல இதுல வந்து விழும். ஒரு அளவு சேந்ததும் மொத்தமா எடுத்துக்கலாம். உண்டியல் மாதிரி."

"சும்மாவா தாரான்?"

"ஃபுகட்ல, ஓசில யாரு தருவாக்கா? விளம்பரம் பாக்கணும். நீ மெஷின் இல்ல மனுஷின்னு காட்ட, படத்துல பஸ்சு எங்க, சிக்னல் எங்கன்னு தொட்டுக் காட்டணும். நம்ம கண்ணத்தான் விக்கிறோம்."

"எல்லாம் பித்தலாட்டம். பேங்க்ல இருக்க காசு பூராவும் போவப்போவுது, பாரு" என்றேன். மாமியார் காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வீட்டில் படித்தவள் நான். இந்த மாதிரி விஷயங்களில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. மகள் பிறந்து வேலையை விட்ட பிறகு என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவள் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். பால்காரனிடம் மராத்தியில் பேரம் பேசுவாள், கரண்ட் ஆபீசில் இந்தியில் சண்டை போடுவாள். நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஆறு வருடமாகியும், இந்தியில் ஒரு வாக்கியத்தைத் தொடங்குமுன் மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பவள். ஆனாலும் ஃபாரம் நிரப்புவது, விண்ணப்பம் போடுவது, எது உண்மை எது பொய் என்று பார்த்துச் சொல்வது எல்லாம் என் வேலை. அதிலும் அவள் கை வைத்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

பித்தலாட்டமாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேண்டிக்கொண்டேன்.

அது பித்தலாட்டமாக இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்து போனை எடுப்பாள். என் மகள் ஓடிப்போய் அவள் மடியில் ஏறிக்கொள்வாள். "சித்தி, இதுல சிக்னல் இருக்கு! சித்தி, இது சைக்கிள் இல்ல, பைக்கு!" இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் வீடெல்லாம் கேட்கும். நான் எழுத்துப் பழகக் கூப்பிட்டால் மகளுக்கு வயிறு வலிக்கும். சித்தியின் மடியில் அரைமணி நேரம் படம் பார்க்கும்போது எந்த வலியும் வராது.

"சின்னவளுக்குக் கைராசி" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரி என்னிடம், "பெரிய மருமவ நீங்க படிச்சவங்களாச்சே, நீங்க செய்யலியா?" என்று கேட்டாள். எனக்கு நேரமில்லை என்றேன்.

நேரம் இருந்தது. மகளின் பள்ளி மாட்டுங்காவில். ஒரு மணிக்கு விடுவார்கள். பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் நான் எப்போதும் பன்னிரண்டரைக்கே போய் நின்றுவிடுவேன். பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு சிமெண்டுத் திட்டு, அதன்மேல் ஒரு மரத்தின் நிழல். அங்கே உட்கார்ந்துதான், ஒரு திங்கட்கிழமை, யாருக்கும் தெரியாமல் எனக்கென்று ஒரு மைக்ரோ வாலட் திறந்தேன்.

திறப்பதற்கே நான்கு நாள் ஆனது. முதல் நாள் வீட்டு மெயிலைக் கொடுத்தேன். ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்றது. அவள்தான் எனக்கு முன்னால் அதில் உட்கார்ந்துவிட்டாளே. இரண்டாம் நாள் எனக்கென்று புது மெயில் உண்டாக்கினேன். அதுவும் குடும்பப் பெயரில்தான் தொடங்கியது. வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் கடவுச்சொல். எளிதாக வைத்தால் திருடிவிடுவான், கஷ்டமாக வைத்தால் மறந்துபோகும் என்று யோசித்து யோசித்து ஒன்றை வைத்து, அதை மகளின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். வீட்டில் வேறு யாரும் தொடாத காகிதம் அது ஒன்றுதான். நான்காம் நாள், உள்ளே நுழையும்போது போனுக்கு ஒரு எண் வந்து அதையும் தட்டினால்தான் திறக்கும் என்கிற ஏற்பாடு. அதைச் செய்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்று வெளியே வந்து மறுபடி நுழைந்து பார்த்தேன். மூன்று முறை.

அதன்பிறகு தினமும் பன்னிரண்டு நாற்பதுக்கு என் வேலை தொடங்கும். ஐந்து தளங்கள். ஒவ்வொன்றிலும் பஸ்ஸையும் படிக்கட்டையும் தொட்டுக் காட்டி, வாலட்டின் மெயில் முகவரியைக் கொடுத்தால், ‘உங்கள் வாலட்டுக்கு அனுப்பிவிட்டோம்’ என்று பச்சையில் ஒரு வரி வரும். அதில் ஒன்றுக்கு அடையாளமாக ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆமை. அந்தத் தளத்தை நானாகவே தேடிக் கண்டுபிடித்தேன். அவளுக்கு அது தெரியாது. அந்த ஆமை மேல் எனக்கு ஒரு தனிப் பெருமை.

ஆனால் என் வாலட் நகரவில்லை. புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் ஏதோ ஓர் எண். மறுநாள் பார்த்தால் அந்தக் கடைசி எண் மட்டும் மனமில்லாமல் கொஞ்சம் ஏறியிருக்கும். அவளுடையதோ வாரத்துக்கு வாரம் ஏறியது. ஏணிப்படியில் உட்கார்ந்து, "அக்கா, இங்க பாருங்களேன்" என்று போனைக் காட்டுவாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்குவேன். நானும் ஐந்து தளம், அவளும் ஐந்து தளம். நான் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. அவள் பாதி நாள் தூங்கிவிடுவாள். அப்படியிருக்க அவளுக்கு மட்டும் எப்படி?

யாரிடம் கேட்பது? கேட்டால், பித்தலாட்டம் என்று சொன்னவளே ஒளிந்து செய்கிறாள் என்று தெரிந்துபோகும். உதவிப் பக்கத்தைப் படித்தேன். சில தளங்கள் அனுப்பத் தாமதமாகலாம் என்றிருந்தது. தாமதம்தான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்னொரு பக்கம், என் போன் பழசு, அதனால் குறைவாகத் தருகிறான் என்றும் நினைத்தேன். நானே எதையோ தப்பாகச் செய்திருப்பேன் என்பது மட்டும் மனதுக்கு வரவேயில்லை. மற்ற எல்லாவற்றிலும் முதலில் வருவது அதுதான்.

இரண்டு மாதம் முடிந்தபோது அவள் தன்னுடையதை எடுத்தாள். பான் கார்டு காட்டி எங்கோ கணக்குத் திறந்து வைத்திருந்தாள். அங்கே அனுப்பி ரூபாயாக மாற்றி, அந்த வாரமே என் மகளைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு பென்சில் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள். மூடியில் காந்தம், உள்ளே பொத்தானை அழுத்தினால் ஷார்ப்பனர் வெளியே வரும். முந்தின மாதம் அதே பாக்ஸை மகள் கேட்டபோது, போன வருடம் வாங்கியதே இருக்கிறது என்று நான் மறுத்திருந்தேன்.

மகள் அன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். என்னைக் கட்டிக்கொண்டு தூங்கும் பெண்.

"எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டேன்.

"செலவா? பஸ்சத் தொட்டுக் காட்டினதுக்குக் கிடைச்சதுக்கா. பாதிப் பஸ்ச அவதான தொட்டா" என்றாள் ஓரகத்தி.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை. பள்ளி இல்லை. மேலே துணி மடிக்கப் போயிருந்தேன். அவள் கதவோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு மட்டும் ஒண்ணு காட்டுதேன். யார்ட்டயும் சொல்லாதீங்க" என்று பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாலட்டில் எது எப்போது எங்கிருந்து வந்தது என்கிற பட்டியல். "இது பாருங்க. நான் இந்த சைட்டுக்கெல்லாம் போனதே இல்ல. ஆனா தினமும் விழுது."

ஆரஞ்சு ஆமை.

பன்னிரண்டு நாற்பத்திரண்டு. அடுத்த நாள் பன்னிரண்டு நாற்பது. அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு நாற்பத்தொன்று. வரிசையாக, திங்கள் முதல் வெள்ளி வரை, நான் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் அங்கே இருந்தது. என் புது மெயிலும் வீட்டு மெயிலும் ஒரே பெயரில் தொடங்குகிறவை. முதல் எழுத்தைத் தட்டியதும் போன் தானாக வீட்டு மெயிலை நீட்டும். ஆறு வருடமாக காஸுக்கும் கரண்டுக்கும் பள்ளிக்கும் அதைத் தொட்டுத் தொட்டுப் பழகிய விரல் தொட்டுவிட்டது. ஐந்தில் மூன்று தளங்களில் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதமாக நான் சேர்த்ததில் பாதிக்கு மேல் அவளுக்குப் போயிருக்கிறது. அவளுடையது ஏறுவதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது முழுக்க என் உழைப்பின் மேல்.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள், "எனக்கு யாருன்னு தெரியும்" என்றாள். முகம் சிவந்திருந்தது. "இவருதான்."

கொழுந்தன் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பேசுவது மிகக் குறைவு. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் நான்கு வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"நேரத்தப் பாருங்க. பட்டறையில சாப்பாட்டு நேரம். வீட்டு மெயில் அவருக்குத் தெரியும், அவர் உண்டாக்கினதுதான. இங்க பாருங்க, இந்த ஒரு நாள் மட்டும் வரல. அன்னிக்கு அவர் லீவு. பாப்பாக்குக் காய்ச்சல்னு பைக்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாருல்ல? அன்னிக்குத்தான்."

அன்றைக்கு நானும் பள்ளி வாசலில் இல்லை. பைக்கின் பின்னால் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"கேட்டியா அவர்ட்ட?"

"கேட்டா நிறுத்திருவாரு. வெக்கப்படுவாரு. சாப்பிடாம உக்காந்து எனக்காக பஸ்சத் தேடுறாருன்னு நெனச்சாலே…" என்று போனை மார்போடு வைத்துக்கொண்டாள்.

அதுவரை எனக்கு அவளுடைய வாலட் மேல்தான் பொறாமை. அந்த நிமிடம் அது போய், எனக்கு அவளுடைய கணவர் மேல் பொறாமை வந்தது. இல்லாத அந்தக் கணவர் மேல். என் கணவர் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் முன்னால் நிற்கிறார். நல்லவர். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எனக்காக யாரும் எதையும் தேடுவதாக நான் நினைத்துப் பார்த்தது கிடையாது. அவளுக்கு அப்படி ஒருவரை உண்டாக்கிக் கொடுத்தது நான். பள்ளிச் சுவரோரம், அந்தச் சிமெண்டுத் திட்டில் காத்திருந்த என் இடுப்பு வலியில்.

ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தேன். சொல்வது சரியா, சொல்லாமல் இருப்பது சரியா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். சொன்னால் அவள் சந்தோஷம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பாக்ஸ் என்றைக்கும் அவளுடையது. மெயிலை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மாற்றினால் அவளுக்கு விழுவது நின்றுபோகும். அவர் நிறுத்திவிட்டார் என்று நினைப்பாள். அது இன்னும் கொடுமை. அதனால் எதையும் சொல்லாமல், எதையும் மாற்றாமல் விட்டுவிடுவதே சரி என்று முடிவுக்கு வந்தேன்; நல்ல முடிவுதான். நான் அதன்படி நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். மாமியார் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "மூத்தவனாவது நாலு வார்த்த பேசுவான். இளையவனுக்குத் தலைவலின்னு சொல்லக்கூட வாய் வராது. உனக்கு எப்படித்தாம் பொழுது போவுதோ."

"வாயால சொல்லமாட்டாரு அத்த. செய்வாரு" என்றாள் அவள். தலையைக் குனிந்து சிரித்தாள். "எனக்குக் கைராசி கைராசிங்கீங்களே, அதெல்லாம் உங்க மவன்தான்…"

"அவர் இல்ல, நான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளி வாசல், ஆமை, வீட்டு மெயில். "அந்தப் பென்சில் பாக்ஸ்கூட எங்காசுதான்" என்று முடித்தேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாமியார் கீரையைக் கீழே வைத்தார். "ஏளா, நீயா? அது பித்தலாட்டம், வீட்டுக் காசு பூரா போயிரும்னு நீதான சொன்ன? அவள வேண்டாம்னு சொல்லிட்டு நீ ஒளிஞ்சு செஞ்சியோ?"

ஓரகத்தியின் கையில் உருவி முடித்த வெறும் ஈர்க்கு. அதையே மறுபடி மறுபடி உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒளிஞ்சு இல்ல அத்த," என்றாள் கடைசியில். "நாந்தான் அக்காவச் செய்யச் சொன்னேன். ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம். நான் இப்ப சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேன். பாக்ஸ்ல அக்கா காசுதான் ஜாஸ்தி."

"அதச் சொல்ல வேண்டியதுதான? சரி, சரி, கீரையப் பாருங்க" என்று மாமியார் எழுந்துபோனார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில், "பெரியவளும் செய்யுதா, ரெண்டு பேருமா சேந்து பேத்திக்கு வாங்கிக் குடுத்தாளுவ" என்று அவர் சொல்வது கேட்டது. நான் எதற்காக வாயைத் திறந்தேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தவளும் அவள்தான் என்பதுதான் தாங்கவில்லை. அத்தனை பேச்சுக்கு நடுவில் அவளுக்கு எப்படி அப்படி ஒரு பொய் சட்டென்று வந்தது? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வந்திருக்காது. தெரியும்.

மறுநாள் காலை அவளே ஏணியிறங்கி வந்தாள். "எங்க, உங்க போனக் குடுங்கக்கா." வாங்கி, போன் தானாக நீட்டும் அந்தப் பழைய முகவரியை அழித்தாள். ஒவ்வொரு தளமாகத் திறந்து, என் மெயிலை என்னைச் சொல்லச் சொல்லித் தட்டினாள். ஆமையைப் பார்த்ததும், "இது நல்லா இருக்கே, நானும் சேந்துக்கிடுதேன்" என்றாள்.

"எம்மேல கோவமாட்டி?"

"கோவம் எதுக்கு?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள். "எங்கிட்ட தனியா சொல்லிருக்கலாம்லக்கா."

அவள் அப்புறம், பட்டியல் இருக்கிறது, என்னுடையது எவ்வளவு என்று பிரித்துத் திருப்பி அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கியிருக்கலாமோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வாலட் சரியாகத்தான் ஏறுகிறது. அவளுடையதைவிட வேகமாகவே ஏறுகிறது. அதைப் பார்க்க நான் எதிர்பார்த்த அளவு நன்றாக இல்லை. பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பேன். பன்னிரண்டு நாற்பது சுமாருக்கு அவள் மேலிருந்து கொழுந்தனுக்குப் போன் செய்கிறாள். முன்பு இந்தப் பழக்கம் இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். அவர் என்ன சொல்கிறாரோ தெரியவில்லை, சிரிக்கிறாள். நான் அரிசியைக் கழுவிக்கொண்டே குழாயைச் சற்று மூடிவைத்துக் கேட்கிறேன்.

போன வாரம் பள்ளி வாசலில் மகள் தன் தோழியின் அம்மாவிடம் பாக்ஸைத் திறந்து காட்டினாள். பொத்தானை அழுத்தி ஷார்ப்பனரை வெளியே வரவைத்தாள். "எங்க சித்தி வாங்கித் தந்தது" என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அது அம்மாவும் சேந்து வாங்கினதும்மா" என்றேன்.

மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ கடைக்கே வரலியே."

வரவில்லைதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பாக்ஸை மடியில் வைத்து, மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள். காந்தம் ஒட்டும் சத்தம் தாராவி வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.